காந்த நாடாவில் காப்பு நகல்

டேப் டிரைவ் என்பது கணினித் தகவல்களைக் காந்த நாடாவில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்பப் படித்துக் கொடுக்கும் கருவி. ஐ.பி.எம். நிறுவனம் 1952-இல் கொண்டுவந்த 726 என்ற டிரைவில் ஏற்றிய ஒரு சுருள் ஏறக்குறைய 2 மெகாபைட்தான் கொள்ளும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கே அது போதாது. அதே நாடா இப்போது உள்ளங்கை அளவுள்ள கார்ட்ரிட்ஜில் 18 டெராபைட்டுக்கும் மேல் கொள்கிறது. ஃபிளாப்பியும் சிடியும் வந்து போய்விட்டன. நாடா மட்டும் போகவில்லை.

அது நிலைத்ததற்கு முதல் காரணம் செலவு. டிரைவின் விலை லட்சங்களில் இருந்தாலும், டெராபைட் கணக்கில் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் ஹார்ட் டிஸ்க்கைவிட மலிவு. இரண்டாவது காரணம்தான் பெரியது. டிரைவிலிருந்து வெளியே எடுத்து அலமாரியில் வைத்த நாடாவை எந்த வைரஸும் தொட முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள், வலையமைப்பில் இணைந்திருக்கும் பேக்கப் டிஸ்க்குகளைத்தான் முதலில் தேடிப் பிடிக்கின்றன. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் காணாமல் போயின. பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தும், பிழை அந்த நகல்களையும் பாதித்தது. கணினியோடு தொடர்பின்றி இருந்த நாடாக்கள் தப்பின. அஞ்சல்களை அவற்றிலிருந்துதான் கூகுள் மீட்டது.

வீட்டில் ஒன்றிரண்டு டெராபைட் குடும்பப் படங்கள் வைத்திருப்பவருக்கு டேப் டிரைவ் வீண் செலவு. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வைத்தால் போதும். ஸ்கேன் படங்கள் குவியும் மருத்துவமனை, வீடியோ எடிட்டிங் கூடம், ஆய்வகம், வங்கி போல ஆண்டுக்குப் பல பத்து டெராபைட் சேரும் இடங்களுக்கே இது கட்டுப்படியாகும்.

கடையில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எல்டிஓ என்ற தரத்தைச் சேர்ந்தவை. ஐ.பி.எம்., எச்.பி., சீகேட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த இந்தத் தரத்தின் முதல் தலைமுறை 2000-இல் வந்தது. கொள்ளளவு 100 ஜிகாபைட். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை 12 டெராபைட், 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட். ஆனால் இவற்றின் அட்டைப்பெட்டியில் 30, 45 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். தகவல் இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவை மேலும் சுருங்காது. எத்தனை கார்ட்ரிட்ஜ் வாங்குவது என்று திட்டமிடும்போது சிறிய எண்ணை மட்டும் நம்புவது நல்லது.

எட்டாம் தலைமுறைக் கார்ட்ரிட்ஜுக்குள் அரை அங்குல அகலமும் 960 மீட்டர் நீளமும் கொண்ட நாடா ஒரே சுருளாக இருக்கிறது. பாட்டு கேசட்டில் உள்ள இரண்டாவது சக்கரம் இதில் இல்லை. அது டிரைவுக்குள் இருக்கிறது. கார்ட்ரிட்ஜை நுழைத்ததும், நாடாவின் நுனியில் உள்ள சிறு உலோக ஊசியை டிரைவ் பற்றி இழுத்து, எழுதுமுனைகளைக் கடந்து தன் சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது. நாடாவின் அகலத்தில் 6,656 தடங்கள் உண்டு. 32 முனைகள் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. ஏர் உழுபவர் வயலின் கோடிவரை போய், திரும்பி அடுத்த சாலில் வருவதுபோல, நாடா முன்னும் பின்னுமாக 208 முறை ஓடினால்தான் கார்ட்ரிட்ஜ் நிறையும். எழுதுமுனைகளுக்கு முன்னால் கடந்து போகும் மொத்த நீளம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்.

இத்தனை மெல்லிய தடத்தில் முனை விலகாமல் இருக்க, வழிகாட்டிக் குறிகளைத் தொழிற்சாலையிலேயே நாடாவில் பதித்து அனுப்புகிறார்கள். இவற்றை டிரைவால் மறுபடி எழுத முடியாது. நாடாக்களை அழிக்கும் வலிமையான காந்தக் கருவியில் எல்டிஓ கார்ட்ரிட்ஜை வைத்தால் தகவலோடு இந்தக் குறிகளும் போய்விடும். அதன்பின் அது வெறும் பிளாஸ்டிக்.

டேப் டிரைவுக்குப் பிடிக்காத ஒன்று காத்திருத்தல். எட்டாம் தலைமுறையின் பாதி உயர (அளவில் சிறிய) டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் வேகத்தில் எழுதும். தகவல் மெதுவாக வந்தால் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும். ஆனால் நொடிக்கு சுமார் 100 மெகாபைட்டுக்குக் கீழே போக அதனால் முடியாது. அதற்கும் குறைவாக வந்தால், கைவசம் இருப்பதை எழுதிவிட்டு நிற்கும். ஓடும் நாடா சட்டென்று நிற்காது. கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, பின்னால் சுற்றி, விட்ட இடத்தைத் தேடி மறுபடி தொடங்கும். இது நிமிடத்துக்குப் பலமுறை நடந்தால் நாடாவும் தேயும், முனையும் தேயும், வேலையும் ஆகாது. பக்கத்தில் நின்றால் டிரைவ் விட்டுவிட்டு முனகுவது கேட்கும். ஜிகாபிட் வலையமைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 125 மெகாபைட்தான். லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கும் ஹார்ட் டிஸ்க் அதில் பாதியைக்கூடத் தராமல் போகலாம். அதனால் டேப் டிரைவ் வாங்குபவர்கள் அதற்கு வேகமாகத் தீனி போடும் எஸ்எஸ்டியையோ, பல டிஸ்க்குகளைச் சேர்த்த அடுக்கையோ சேர்த்தே திட்டமிட வேண்டும். தகவலை முதலில் அதில் திரட்டிவிட்டு, அங்கிருந்து நாடாவுக்கு ஒரே ஓட்டமாக அனுப்புவதே பெரிய நிலையங்களின் வழக்கம்.

இனி பொருத்தும் வேலை. கணினிக்குள் பொருத்தும் டிரைவுக்கு முன்பக்கத்தில் ஐந்தேகால் அங்குல இடமும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். இப்போதைய கணினிப் பெட்டிகள் பலவற்றில் அந்த இடமே கிடையாது என்பதால் மேசைமேல் வைக்கும் வெளி டிரைவே பலருக்கு வசதி. இரண்டுக்கும் பெரும்பாலும் சாஸ் என்ற வகை இணைப்புதான். சாதாரண மதர்போர்டில் அதற்கான துளை இருக்காது. தனியாக ஒரு சாஸ் கார்டு வாங்கிப் பொருத்த வேண்டும். பலர் இடறுவது இங்கேதான்: சர்வரில் ஏற்கெனவே உள்ள ரெய்டு கார்டிலேயே டிரைவைச் செருகிப் பார்க்கிறார்கள். ரெய்டு கார்டு டிஸ்க்குகளை ஆள்வதற்கென்று செய்தது. டேப் டிரைவைப் பெரும்பாலும் அது கண்டுகொள்ளாது. இடையில் எதையும் மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் எச்பிஏ வகைக் கார்டே தேவை.

கணினியை நிறுத்தி, மின் கம்பியைக் கழற்றி, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை உலோகத்தில் தொட்டுப் போக்கிவிட்டு கார்டைச் செருகி, கேபிளை 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினால் போதும். முதலில் டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து, அது தன்னைத்தானே சோதித்து முடித்த பிறகு கணினியை இயக்க வேண்டும். டிரைவைத் தரையில் வைப்பதும், பிரிண்டர் அல்லது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வைப்பதும் தவறு. காற்றை உள்ளிழுத்துத்தான் டிரைவ் குளிர்கிறது. காகிதத் தூளும் டோனர் பொடியும் அந்தக் காற்றோடு எழுதுமுனைவரை போய்விடும்.

லினக்ஸில் டேப்புக்கான டிரைவர் கெர்னலோடு வருகிறது. விண்டோஸில் டிரைவ் தயாரிப்பாளரின் டிரைவர் மென்பொருளைப் போட வேண்டும்; டிவைஸ் மேனேஜரில் 'டேப் டிரைவ்ஸ்' என்ற தலைப்பின் கீழ் பெயர் தெரிந்தால் இணைப்பு சரி. விண்டோஸ் சர்வர் 2008 முதல் அதனுடன் வரும் பேக்கப் கருவி நாடாவில் எழுதுவதில்லை என்பதால் வீம், பக்குலா போன்ற தனி மென்பொருள் தேவைப்படும். தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தரும் சோதனைக் கருவியைக் கொண்டு, காலி கார்ட்ரிட்ஜ் ஒன்றில் எழுதிப் படித்துப் பார்த்த பிறகே உண்மையான தகவலில் கைவைக்க வேண்டும். ஒன்பதாம் தலைமுறையில் மட்டும் ஒரு விசேஷம். புதிய கார்ட்ரிட்ஜை முதன்முறை போட்டதும் டிரைவ் அந்த நாடாவை அளந்து பார்த்துக்கொள்ளும். இதற்கு இரண்டு மணி நேரம் வரைகூட ஆகலாம். டிரைவ் கெட்டுவிட்டது என்று பயந்து மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

பயன்பாட்டில் இரண்டு வழிகள் உண்டு. 2010-இல் ஐந்தாம் தலைமுறையோடு வந்த எல்டிஎஃப்எஸ் முறையில் நாடா ஒரு பெரிய பென் டிரைவ் மாதிரியே திரையில் தெரியும். கோப்புகளை இழுத்துப் போடலாம். வீடியோக்காரர்களுக்கு இது பிடித்த முறை. ஆனால் அதில் ஒரு கோப்பை நீக்கினால் பட்டியலிலிருந்துதான் அது போகும். இடம் திரும்பக் கிடைக்காது. ஏதோ ஒரு கோப்பைத் திறந்தால் நாடா அந்த இடத்துக்கு ஓடிச் சேர ஒரு நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். நேராக நாடாவிலிருந்தே எடிட்டிங் செய்ய நினைப்பவர்கள் சீக்கிரம் பொறுமை இழப்பார்கள்.

இன்னொரு வழி, யூனிக்ஸ் காலத்து 'டார்' கட்டளையில் எழுதுவது. இங்கே புதியவர்களைக் கவிழ்க்கும் ஒரு குழி உண்டு. லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள்: எஸ்டி0, என்எஸ்டி0. முதல் பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் நாடா தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். இரண்டாவது பெயரில் எழுதினால் விட்ட இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமை 3 டெராபைட் எழுதியவர் செவ்வாய்க்கிழமை அதே எஸ்டி0-வில் 10 மெகாபைட் எழுதினால், அது திங்கட்கிழமைத் தகவலின் தலைமேல் விழும். எழுதி முடித்த இடத்தில் 'தகவல் இத்தோடு முடிந்தது' என்ற குறியை டிரைவ் வைத்துவிடும். மிச்ச 3 டெராபைட் காந்தத்தில் அப்படியே இருந்தாலும் அந்தக் குறியைத் தாண்டிப் படிக்க டிரைவ் மறுத்துவிடும். ஒரே நாடாவில் பல நாள் நகல்களை அடுத்தடுத்து வைக்க என்எஸ்டி0-வைத்தான் பயன்படுத்த வேண்டும். எழுதுமுன் 'எம்டி' கட்டளையால் தகவலின் கடைசிக்குப் போய்ச் சேர வேண்டும். டார் வழக்கமாக எழுதும் 10 கிலோபைட் துண்டுகளும் இன்றைய டிரைவுக்கு மிகச் சிறியவை. துண்டின் அளவை 256 கிலோபைட்டாக உயர்த்திக்கொண்டு, அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜ் உறையிலேயே குறித்து வைத்தால் பின்னால் மீட்பவருக்கு உதவும்.

எழுதி முடித்த கார்ட்ரிட்ஜின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தினால் அதில் யாரும் மேலெழுத முடியாது. எந்த நாடாவில் எது இருக்கிறது என்ற பட்டியலை பேக்கப் மென்பொருள் சர்வரிலேயே வைத்திருக்கும்; சர்வரே போய்விட்டால் பட்டியலும் போகும் என்பதால் அதற்கும் தனி நகல் வேண்டும். நான்காம் தலைமுறை முதல் டிரைவே 256 பிட் மறையாக்கம் செய்து தருகிறது. நாடா வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. சாவி தொலைந்தால் மட்டும் நாடா இருந்தும் இல்லாததுதான். காப்பு எடுக்கப்படும் அதே சர்வரில் சாவியையும் வைத்துவிட்டு மாட்டிக்கொள்வது அபூர்வமல்ல.

எந்த நாளுக்கு எந்த நாடா என்பதற்கு 'தாத்தா–அப்பா–மகன்' என்று பெயர்பெற்ற சுழற்சி முறை இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாடாக்கள், அவை வாரந்தோறும் மறுபடி எழுதப்படும். வெள்ளிக்கிழமை நாடா ஒரு மாதம் நிற்கும். மாதக் கடைசி நாடா ஓராண்டோ அதற்கு மேலோ நிற்கும். வாரத்துக்கு ஒன்றாவது வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். எல்லா நாடாக்களையும் சர்வர் அறை பீரோவிலேயே அடுக்கினால் தீ விபத்தில் எல்லாம் சேர்ந்தே போகும்.

பேக்கப் வெற்றி என்று திரையில் பச்சை நிறத்தில் வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தபோது, எடுத்து வந்த காப்பு நகல்களும் சரியாக இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த படக்குழு உறுப்பினர் கேலின் சூஸ்மேனின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. மாதம் ஒருமுறையேனும் ஏதாவதொரு நாடாவை எடுத்து, வேறொரு கணினியில் சில கோப்புகளை மீட்டு, திறந்து பார்ப்பது மட்டுமே உண்மையான சோதனை.

பராமரிப்பு அதிகமில்லை. சுத்தம் செய்யச் சொல்லி டிரைவில் விளக்கு எரியும்போது மட்டும் கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட வேண்டும். ஒன்று சுமார் 50 முறைக்கு வரும். அக்கறை மிகுந்து வாரா வாரம் போட்டால் முனை தேயும். குறிப்பிட்ட ஒரு நாடாவைப் போடும்போதெல்லாம் விளக்கு எரிந்தால் கோளாறு அந்த நாடாவில். கார்ட்ரிட்ஜுகளை அதனதன் பெட்டியில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் நெடுநாள் சேமிப்புக்கு ஏற்றவை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏ.சி. இல்லாத அறையில் இது நடக்காத காரியம். இப்படி வைத்தால் 30 ஆண்டுகள் தாங்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு.

நாடா தாங்கினாலும் அதைப் படிக்கும் டிரைவ் கிடைக்க வேண்டுமே. ஏழாம் தலைமுறைவரை எல்டிஓ டிரைவுகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன. எட்டு, ஏழை மட்டும் படிக்கும். ஒன்பது, எட்டை மட்டும். 2025-இல் வந்த பத்தாம் தலைமுறை பழைய நாடா எதையும் ஏற்பதில்லை. ஆறாம் தலைமுறை நாடாக்களைக் கைவசம் வைத்திருக்கும் அலுவலகம் ஆறு அல்லது ஏழாம் தலைமுறை டிரைவ் ஒன்றை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது கிடைக்கும்போதே எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு பழைய நாடாக்களைக் காயலான் கடையில் போடக் கூடாது. மறையாக்கம் செய்தவை என்றால் சாவியை அழித்தால் போதும். செய்யாதவற்றை இயந்திரத்தில் துண்டுதுண்டாக நறுக்கிக் கழிக்க வேண்டும்.