இரும்பு வாசம் – 11: பிளேடு கழற்றிய வண்டி

வடக்கு ஜார்ஜியாவின் மலையடிவாரத்தில் நண்பர் ஒருவர் 12 ஏக்கர் காடு வாங்கினார். காட்டோடு ஒரு தகரக் கொட்டகையும் வந்தது. கொட்டகைக்குள் தார்ப்பாய் மூடிக் கிடந்தது ஒரு புல்வெட்டும் வண்டி. தள்ளிக்கொண்டு போகும் ரகம் அல்ல, ஏறி உட்கார்ந்து ஓட்டும் ரகம். நான்கு டயரிலும் காற்று இல்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. "பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் நண்பர். அவரை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, வண்டியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புல் வெட்ட அல்ல. அந்தக் காட்டுக்குள் ஒரு தடம் இருக்கிறது. பைன் மரங்களுக்கு நடுவே இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர் மேட்டில் ஏறுகிறது. செம்மண். மழை பெய்தால் களிமண்ணாகக் குழைந்து காலைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தடத்தில் இந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்கக் கிராமப்புறத்தில் இது பழகிய காட்சி. அங்கே வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று புல் கிடக்கும். அதை வெட்டும் வண்டி பத்துப் பதினைந்து வருடத்தில் கொட்டகைக்குப் போய்விடும். காட்டில் ஓட்டுவதற்கென்றே செய்த நாலு சக்கர வண்டி வேண்டுமென்றால் பல ஆயிரம் டாலர் ஆகும். கொட்டகையில் கிடப்பதையோ சும்மா கொடுத்துவிடுவார்கள். அதனால் பதின்வயதுப் பிள்ளைகள் அடியில் இருக்கும் வெட்டுத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய டயர் மாட்டிச் சேற்றில் இறக்குகிறார்கள். பலர் இயந்திர வேலையின் அரிச்சுவடியைப் படிப்பது அந்தச் சேற்றில்தான்.

புல்வெட்டும் இயந்திரத்தை 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் உருவாக்கினார். கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. அதே இங்கிலாந்தில், விஸ்பரோ கிரீன் என்ற சிற்றூரின் மதுக்கடையில் 1973இல் கூடிய சிலர், பணக்காரர் மட்டுமே ஆடக்கூடியதாகிவிட்ட மோட்டார் பந்தயத்துக்கு மாற்றாக இந்த வண்டிகளை வைத்துப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். ஸ்டிர்லிங் மாஸ் போன்ற பெரிய ஓட்டுநர்கள்கூட அவர்களுடைய 12 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டு வென்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கான சங்கம் 1992இல் வந்தது. இரண்டு நாட்டிலும் முதல் விதி ஒன்றுதான்: பிளேடு இருக்கக் கூடாது. பந்தயக்காரர்கள் தேடுவது வேகம். காட்டுத் தடத்துக்கு வேண்டியது நேர் எதிரான குணம். இதைப் புரிந்துகொள்ளாமல் வண்டியைப் பிரித்தவர்கள், முதல் மேட்டிலேயே பெல்ட்டைக் கருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எஞ்சினை எழுப்ப வேண்டியிருந்தது.

ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன். பிளேடு தரைக்கு இணையாகச் சுழல வேண்டும் என்பதால் இந்த வண்டிகளில் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கும். மேலே ஃப்ளைவீல், கீழே புல்லி. பல ஆண்டு கிடந்த வண்டி என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். நானும் அதைத்தான் செய்தேன். அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும், கிடந்தால் உலோகத்தை அரிக்கும். மிதவைக் கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டேதான் இந்த வகையில் ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை. அதன் துளை ஊசிமுனை அளவு. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி அந்தத் துளையில் விட்டு எடுத்தேன். எஃகுக் கம்பி கூடாது, துளை பெரிதாகிவிடும்.

பிளக் புதிது, பெட்ரோல் புதிது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பின்னோக்கி உதைத்தது. கார்புரேட்டர் வழியாக ஒரு வெடிச்சத்தம். பிறகு அமைதி. மறுபடி கார்புரேட்டரைப் பிரித்தேன். மறுநாள் மூன்றாவது முறையாகவும் பிரித்தேன். கோளாறு நாம் தேடும் இடத்தில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு நேரத்தைத் தின்றுவிடுகிறது!

மூன்றாம் நாள் என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, வெட்டுத் தட்டுல ஒரு பிளேடு வளைஞ்சிருக்கே, எதுல மோதியிருக்கும்?"

அதற்குப் பிறகு ஃப்ளைவீலைக் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சுத்தியலால் தட்டாமல் புல்லர் போட்டு இழுத்தோம். ஃப்ளைவீலுக்கும் கிராங்க் தண்டுக்கும் நடுவே விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு உலோகத் துண்டு உட்காரும். அதைச் சாவி என்பார்கள். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். பிளேடு மரக்கட்டையிலோ பாறையிலோ மோதினால் கிராங்க் சட்டென்று நின்றுவிடும், கனமான ஃப்ளைவீலோ சுற்றிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் முன்னே போகும். அப்போது சாவி வெட்டுப்படும். ஃப்ளைவீலில் பதித்த காந்தம் சுருளைக் கடக்கும் கணத்தில்தான் பிளக்கில் பொறி பறக்கிறது. ஃப்ளைவீல் இம்மியளவு முன்னே நகர்ந்திருந்தால் பொறியும் முன்னதாகவே வந்துவிடும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் தீப்பற்றி, எஞ்சினைத் திருப்பி உதைக்கும். எங்கள் சாவி பாதி வெட்டுப்பட்டு, படிக்கட்டு போல ஆகியிருந்தது. சில டாலர் விலை. இரும்புத் துண்டை ராவிப் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அடுத்த மோதலில் வெட்டுப்படாத இரும்புச் சாவி, அடியைக் கிராங்குக்கே கொண்டுபோகும்.

புதுச் சாவி போட்டோம். சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தோம். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அது ஓடத் தொடங்கியதும் வந்த முதல் யோசனையைச் சொன்னவர் அடுத்த நிலத்துக்காரர். எழுபது வயது, வாழ்நாள் முழுக்க டிராக்டரோடு கழித்தவர். கவர்னரைக் கழற்றச் சொல்லும் இளைஞர்களை நம்பாதீர்கள் என்றார். இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டாமல் கவர்னர் பிடித்து வைக்கிறது. கனெக்டிங் ராடு வெறும் அலுமினியம், அதற்குத் தனிப் பேரிங்கும் கிடையாது. ஃப்ளைவீல் வார்ப்பு. கட்டுப்பாடில்லாமல் சுற்றவிட்டால் ராடு உடைந்து எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். ஃப்ளைவீல் சிதறினால் அதன் துண்டுகள் பறக்கும் உயரத்தில்தான் ஓட்டுபவரின் கால்கள் இருக்கின்றன. பந்தயக்காரர்கள் கவர்னரை எடுக்கும்போது உறுதியான ராடும் உறுதியான ஃப்ளைவீலும் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். நான் கவர்னரைத் தொடவில்லை. தொடத் தேவையும் இல்லை, ஏனென்றால் எனக்கு வேண்டிய மாற்றம் எஞ்சினில் இல்லை, புல்லியில் இருந்தது.

கணக்கு எளிது. எஞ்சின் புல்லி 3 அங்குலம், பின்னால் கியர் பெட்டியின் புல்லி 6 அங்குலம். எஞ்சின் 3600 சுற்றினால் கியர் பெட்டிக்குப் போவது 1800. பின் புல்லியை 9 அங்குலமாக்கினால் அது 1200 ஆகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும், இழுவை ஒன்றரை மடங்காகும். ஆனால் டயரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 20 அங்குல டயரைக் கழற்றி 23 அங்குல டயர் போட்டேன். நடுவயிறு தரையிலிருந்து ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. கூடவே வேகமும் 15 சதவீதம் ஏறி, இழுவை அதற்கேற்பக் குறைந்தது. பெரிய டயரை மட்டும் மாட்டிவிட்டு மேடு ஏறவில்லையே என்று எஞ்சினைக் குறை சொல்பவர்கள் மறக்கும் கணக்கு இது. பின் புல்லி 3 அங்குலம் பெரிதானால் பெல்ட்டும் ஏறத்தாழ நாலே முக்கால் அங்குலம் நீள வேண்டும். கயிறு சுற்றி அளந்து வாங்கினேன். இந்த வண்டிகளில் பெல்ட்டை இறுக்கித் தளர்த்துவதுதான் கிளட்ச். அந்த உரசலைத் தாங்க உள்ளே கெவ்லார் இழை ஓடும் பெல்ட் வேண்டும்.

கியரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தச் சிறு கியர் பெட்டிகளில் ஓட்டத்தில் கியர் மாற்றக் கூடாது. உள்ளே சிறு சாவித்துண்டுகள்தான் பல்சக்கரங்களைத் தண்டோடு பூட்டுகின்றன. ஓட்டத்தில் தள்ளினால் அவை முறிந்துபோகும். நின்று, கியர் மாற்றி, பிறகு புறப்பட வேண்டும். காரில் பழகிய கைக்கு இது லேசில் வராது.

இனி, நான் அதிக நாள் செலவிட்ட இடம்: பிரேக். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் பின் கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டு, அதை அழுத்தும் இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். சமதளப் புல்லில் அது போதும். காட்டில் ஒரு பின்சக்கரம் வேர் மேல் ஏறி, மற்றது காற்றில் தொங்கும். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் வழியாக விசை முழுதும் தொங்கும் சக்கரத்துக்குப் போய் வீணாகச் சுற்றும். இது எல்லோரும் அறிந்தது. பலர் யோசிக்காதது பிரேக்கைப் பற்றி. பிரேக் தட்டு டிஃபரென்ஷியலுக்கு முன்னால் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தாலும், தொங்கும் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் முன்னோக்கி உருளும். இறக்கத்தில் பிரேக் போட்டிருக்கிறோம் என்ற நினைப்போடு வண்டி இறங்கிக்கொண்டிருக்கும். ஓடைச் சரிவில் இதை ஒருமுறை அனுபவித்தேன். ஒரு புதர்தான் நிறுத்தியது. அடுத்த வாரமே கியர் பெட்டியைப் பிரித்து, டிஃபரென்ஷியல் பற்களை வெல்டிங் செய்து பூட்டினேன். புது கிரீஸ் நிரப்பினேன். இப்போது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும், சேர்ந்தே நிற்கும். திருப்பங்களில் வண்டி முரண்டு பிடிக்கிறது, சிமெண்டுத் தரையில் டயர் அழுது தேய்கிறது. காட்டு மண்ணில் அந்தச் சிரமம் அதிகம் தெரியவில்லை. இந்த வேலைக்கு அந்தப் பரிமாற்றம் சரியானது என்பதே என் முடிவு.

முன்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்சக்கரங்களில் இருந்த பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு முக்கால் அங்குலத் துளையுள்ள பால் பேரிங் போட்டேன். மடித்த தகடால் ஆன சட்டத்தில், ஸ்டியரிங்கும் முன் ஆக்ஸிலும் பிடிக்கும் இடங்களில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. எல் ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தேன்.

இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டுபவர் எழுந்துவிட்டால் எஞ்சினை அணைக்க அது. மேடு பள்ளத்தில் உடம்பு எகிறும்போதெல்லாம் எஞ்சின் நின்று தொலைப்பதால், பலர் அந்தக் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். எஞ்சினை நிறுத்த வழியில்லாத வண்டி மனிதன் விழுந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும், சில நேரம் அவன் மீதே. அதற்குப் பதிலாக, மணிக்கட்டில் கட்டும் கயிறு கொண்ட சுவிட்சை வைத்தேன். கயிறு பிடுங்கிக்கொண்டால் சுருளின் கம்பி சட்டத்தைத் தொட்டு, பொறி அறுந்து, எஞ்சின் அடங்கும்.

சரிவைப் பற்றி வண்டியின் கையேடே சொல்கிறது, 15 பாகைக்கு மேல் வேண்டாம் என்று. அது புல் வெட்டுபவருக்குச் சொன்னது, நமக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வண்டிகளில் கவிழ்ந்தால் தாங்கும் கம்பிச் சட்டம் கிடையாது. இப்படிப்பட்ட பல எஞ்சின்களில் எண்ணெய் பம்பும் கிடையாது. அடியில் தேங்கிய எண்ணெயை ஒரு சிறு சக்கரம் வாரி இறைக்கிறது. வண்டி அதிகம் சாய்ந்தால் அந்தச் சக்கரம் எண்ணெயை விட்டு வெளியே வந்துவிடும், எஞ்சின் வறண்டு ஓடும். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். நண்பரின் நிலம் என்பதால்தான் நான் ஓட்டுகிறேன். பொதுக் காட்டுத் தடங்களில் பெரும்பாலும் அதற்கென்று பதிவான வண்டிகளுக்குத்தான் இடம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் மகள் ஓட்டினாள். நான் பின்னால் நடந்தேன். ஓடையில் இறங்கி, எதிர் மேட்டில் முதல் கியரில் நிற்காமல் ஏறினாள். புல் வெட்டிய நாட்களில் அந்த வண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் வரை போகும். இப்போது உச்ச கியரில்கூட 7 கிலோமீட்டரைத் தொடுவதில்லை.