பாலம் வந்த பிறகும் ஓடும் கப்பல்

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர், சுவீடனின் ஹெல்சிங்போர்க். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 4 கிலோமீட்டர் கடல்தான். ஓரெசுண்ட் நீரிணை மிகவும் ஒடுங்கும் இடம் இது. 1429 முதல் 1857 வரை, இந்த வழியே போன கப்பல்களிடம் டென்மார்க் சுங்கம் வசூலித்தது. ஹாம்லெட் நாடகத்தின் களமான குரோன்போர்க் கோட்டை எழுந்ததும் அந்தப் பணத்தில்தான். இன்று கோட்டைக்குப் பக்கத்திலேயே கார்களும் லாரிகளும் வரிசையாகக் கப்பலேறுகின்றன. பயணம் 20 நிமிடம்.

2000 ஜூலையில் கோபன்ஹேகனையும் மால்மோவையும் இணைத்துப் பாலம் திறந்தார்கள். கப்பலில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற வேலை அத்தோடு போயிற்று. ஆனால் வண்டிகள் கப்பலைக் கைவிடவில்லை. ஹெல்சிங்போர்க்கிலிருந்து மால்மோவுக்குப் போகவே அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பாலத்துக்குக் கட்டணமும் உண்டு. ஊர்க்காரர்களுக்கோ இது வெறும் போக்குவரத்து அல்ல. கரையிறங்காமல், கப்பலிலேயே சாப்பிட்டுக்கொண்டு போய்த் திரும்புவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சேவையை நடத்தும் நிறுவனத்தின் பெயர் பலமுறை மாறிவிட்டது. 2018இல் ஃபோர்சீ ஆனது. 2023இல் டென்மார்க்கின் மோல்ஸ்லின்யென் வாங்கியபின் இப்போது ஓரெசுண்ட்ஸ்லின்யென்.

பாலத்தின் போட்டியைச் சமாளிக்க உதவிய இந்தக் குறுகிய தூரம்தான் டீசல் புகையைக் குறைக்கவும் வழி சொன்னது. இங்கே ஓடும் டைக்கோ பிராஹே, அரோரா ஆகிய கப்பல்கள் 1990களின் தொடக்கத்தில் டீசலில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. 2018இல் பேட்டரிக் கப்பல்களாகச் சேவைக்கு வந்தன. அப்போது ஒவ்வொன்றிலும் 640 பேட்டரிகள் இருந்தன. அவற்றில் மொத்தம் 4,160 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க முடிந்தது. ஒருமுறை கடலைக் கடக்கச் செலவாவது சுமார் 1,200 யூனிட்.

பேட்டரியின் அளவைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். என் பார்வையில் உண்மையான சாதனை கரையில் இருக்கிறது. வண்டிகள் இறங்கி ஏறும் சில நிமிடங்களுக்குள் சார்ஜ் செய்தாக வேண்டும். துறைமுகத்துக்கு வந்து நிற்கும் கப்பலும் அலையில் அசைந்துகொண்டுதான் இருக்கும். கையால் கேபிளைச் செருக நேரம் கிடையாது. அதனால் இரு துறைமுகங்களிலும் ரோபோ கரம் நிற்கிறது. கப்பல் நெருங்கும்போதே லேசர் மூலம் அதன் இருப்பிடத்தைக் கணித்து, 10,500 வோல்ட் மின் இணைப்பைத் தானே கொடுத்துவிடுகிறது. சார்ஜ் செய்ய ஹெல்சிங்கோரில் சுமார் 6 நிமிடம், ஹெல்சிங்போர்க்கில் 9 நிமிடம். கப்பலின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பி நிறுத்தும் நேரமும் மிச்சம்.

நீண்ட கடல்வழிகளுக்கு இதை அப்படியே நகலெடுக்க முடியாது. இதே கப்பல் பத்து மணி நேரம் ஓட வேண்டுமென்றால் முப்பது மடங்கு மின்சாரம் தேவைப்படும். அவ்வளவு பேட்டரியைச் சுமந்தால் வண்டிகளுக்கு இடமிருக்காது. இந்தக் கப்பல்களிலும்கூட டீசல் என்ஜின்களைக் கழற்றிவிடவில்லை. மின் இணைப்பில் பழுது நேர்ந்தால் அவைதான் கைகொடுக்கும்.