சிப்பியைக் காக்கும் சாப்ட்வேர்

நாளை மழை வருமா என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்வது நமக்குத் தெரியும். அதே முறையில், கரையோரக் கடலில் அடுத்த மூன்று நாட்களில் என்ன நடக்கும் என்றும் சொல்ல முடியும். நீரோட்டத்தை மட்டுமல்ல, நீரில் வாழும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். இது யாருக்குப் பயன் என்று கேட்கிறீர்களா?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சாப்பாட்டுக்கான சிப்பி வளர்ப்பது பெரிய தொழில். பொரிப்பகங்களில் குஞ்சுகளை உருவாக்கிப் பண்ணைகளுக்கு விற்பார்கள். 2007, 2008 ஆண்டுகளில் இந்தக் குஞ்சுகள் பெருமளவில் செத்தன. முதலில் பாக்டீரியாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கோளாறு நீரில் இருந்தது. கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொண்டு, கரையோர மேல்நீரை நடுக்கடல் பக்கம் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் மேலே வருகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், எனவே அமிலத்தன்மையும் அதிகம். அந்த நீரில் குஞ்சுகளால் தங்கள் முதல் ஓட்டைக் கட்ட முடியவில்லை.

அப்படியானால் காற்றைக் கவனித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. அதே அடிநீர் உரச்சத்தையும் கொண்டுவருகிறது. வெயிலில் பாசி பெருகி, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, நீரைச் சரியாக்குகிறது. பிறகு செத்து அடியில் மட்கும்போது அதைத் திரும்ப வெளியிடுகிறது, ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. ஆக, இயற்பியலையும் உயிரியலையும் தனித்தனியே கணக்கிட்டால் விடை தப்பும்.

உயிரியல் கணக்கின் எளிய வடிவத்தை நான் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம். சத்து, பாசி, பாசியைத் தின்னும் நுண்பூச்சி, மட்கு என நான்கு நெட்டு வரிசைகள். ஒவ்வொரு படுக்கை வரிசையும் ஒரு நாள். தொடக்க மதிப்புகள் 8, 1, 0.5, 0.5.

சத்தையும் பாசியையும் 0.05-ஐயும் பெருக்கினால், பாசி அன்று எடுத்துக்கொண்ட சத்து கிடைக்கும். பாசி, பூச்சி, 0.1 மூன்றையும் பெருக்கினால் பூச்சி தின்ற பாசி. பூச்சியில் 0.1 பங்கு செத்து மட்காகிறது. மட்கில் 0.1 பங்கு மறுபடி சத்தாகிறது. ஒன்றில் கழித்ததை அடுத்ததில் கூட்டி, மறுநாள் வரிசையில் எழுதுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி என்பது நினைவிருக்கட்டும். நான்கின் மொத்தம் எப்போதும் 10 வர வேண்டும். வராவிட்டால் பார்முலாவைச் சரிபாருங்கள்.

வரிசையைக் கீழே இழுத்தால், எட்டாம் நாளில் பாசி 5-ஐ நெருங்கி, பிறகு பூச்சி பெருகப் பெருகச் சரிகிறது. இப்போது எட்டாம் நாள் சத்துடன் 3 கூட்டுங்கள். காற்று வீசி அடிநீர் மேலே வந்துவிட்டது என்று பொருள். சரிய வேண்டிய பாசி மறுநாள் 5.5 வரை ஏறுகிறது! (மொத்தம் இனி 13.) இயற்பியல் உயிரியலைத் தொடும் இடம் இதுதான்.

நிஜ மாடலில் இந்த 3-ஐ யாரும் கையால் கூட்டுவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'லைவ் ஓஷன்' மாடல் கடலைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. கரையருகே ஒரு பெட்டி 500 மீட்டர் அகலம், மேலிருந்து அடிவரை 30 அடுக்கு. காற்று, அலையேற்றம், ஆற்றுநீர் எல்லாம் உள்ளே போகின்றன. 'ரோம்ஸ்' என்ற இலவச சாப்ட்வேர் ஒவ்வொரு பெட்டியிலும் நீரின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, சத்தையும் பாசியையும் அடுத்த பெட்டிக்கு நகர்த்துகிறது. இதை வீட்டு பிசியில் ஓட்ட முடியாது. ஏராளமான ப்ராசஸர்கள் சேர்ந்து உழைக்க வேண்டும். மிதவைக் கருவிகளின் அளவுகளோடு விடையை ஒப்பிட்டும் பார்க்கிறார்கள்.

கெட்ட நீர் வருகிறது என்று தெரிந்தால் பொரிப்பகத்தார் என்ன செய்வார்கள்? பாசி வெயிலில் உழைத்து முடித்த பிற்பகலில் தொட்டியை நிரப்புவார்கள். அப்போதும் நீர் சரியில்லை என்றால் சோடியம் கார்பனேட் கலப்பார்கள். நம் வீட்டுச் சலவைச் சோடாவும் அதேதான்.