சக்கரக்காலும் கைக்கடிகாரமும்

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் நால்வர் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் ரிலேயில் வெண்கலம் வாங்கினார்கள் அல்லவா? அதிலிருந்து எங்கள் திண்டுக்கல் வீட்டிலும் சக்கரக்கால்தான்!

“ஒரு மணி நேரம் ஓடியும் இவ்வளவு அடிதானாம்மா? இன்னும் ஓடறேன்” என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றாள் மகள். பயந்துவிட்டேன்.

கடிகாரம் கை வீச்சைக் கொண்டுதான் அடியை எண்ணும். ஸ்கேட்டிங்கில் ஒரே உந்தலில் வெகுதூரம் வழுக்கிப் போகலாம். கையையும் முதுகில் கட்டிக்கொள்வார்கள். ஆகவே அடிக்கணக்கை விடுங்கள். நேரம், தூரம், நாடித்துடிப்பைப் பாருங்கள். பட்டை, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே நழுவாமல் இருக்கட்டும்.

தாய்மார்களும் ஓடலாமே! 30 வயதுக்காரிக்கு நிமிடத்துக்கு 95 முதல் 133 துடிப்பு வரை மிதமான பயிற்சி, தோராயக் கணக்குதான். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தலை சுற்றினால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. கடிகாரம் என்ன சொன்னாலும் சரி!