புழு போன பிறகு உடல் என்ன செய்யும்?

அந்தமானின் மாயாபந்தர் போல மழை மிகுந்த, மண் எளிதில் காயாத ஊர்களில் கொக்கிப்புழுவின் லார்வாவுக்கு வெறுங்காலே முக்கிய வாசல். மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகக் குடலை அடைகிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டுமானால் உடலின் காவலைத் தணித்தாக வேண்டும். அதற்காகவே புழுக்கள் சுரக்கும் பொருள்கள் நோயெதிர்ப்பை ஒழுங்குபடுத்தும் டி செல்களைத் தூண்டி, இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் புரதங்களைப் பெருக்குகின்றன. அடக்கம் புழுவோடு நிற்பதில்லை. சில தடுப்பூசிகளுக்கு உடல் காட்டும் பதிலும் மந்தமாகலாம்.

அழற்சியைத் தணிக்கும் இந்த அடக்கம் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆதாரமும் இருக்கிறது. சென்னையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத்தொற்று குறைவாகக் காணப்பட்டது. உகாண்டாவில் கர்ப்பிணிகளுக்குக் குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் கொடுத்தபோது, பிறந்த குழந்தைகளிடம் கரப்பான் கூடியது. ஆனால் முதல் ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. புழு கேட்கும் விலையும் பெரிது: கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையைத் தருகிறது, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உள்ளவருக்கு, அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், புழு உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கலாம். ஆகவே 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளின் மாத்திரை தேவைதான். கழிப்பறையும் செருப்பும் இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் தொற்று திரும்பிவிடும். அழற்சியை அடக்கும் வித்தையைப் புழுவிடம் கற்று மருந்தாக்கலாம். அதற்காகக் குழந்தையின் குடலில் புழுவை விட்டுவைக்க வேண்டியதில்லை.