குடலில் தொடங்கும் சிறுநீரக அழற்சி

தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. சில நாளில் நிறம் தெளிந்துவிடுகிறது. உடம்புச் சூடு என்று இளநீரைக் குடித்துவிட்டுப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதின்ம வயதிலும் இருபது முப்பதுகளிலும் இருப்பவர்களுக்கு இப்படி நேர்ந்தால், அது ‘ஐஜிஏ நெஃப்ரோபதி’ என்ற சிறுநீரக நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். 1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்லேயும் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்கள். அதற்குப் பின் நீண்ட காலம் மருத்துவர்களின் கவனம் சிறுநீரகத்தின் மீதே இருந்தது. இப்போது அந்தக் கவனம் குடல் பக்கமும் திரும்பியிருக்கிறது.

குடலில் ஒரு பெருங்கூட்டம்

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. நம்முடைய சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே ஒரே அடுக்குச் செல்களும் சற்றே சளிப்படலமும்தான் உள்ளன. அதனால்தான் நோயெதிர்ப்புச் செல்களின் மிகப் பெரிய முகாம் குடல் சுவரிலேயே அமைந்திருக்கிறது. எதைத் தாக்குவது, எதை விட்டுவைப்பது என்ற பயிற்சியும் பெருமளவு அங்கேதான் நடக்கிறது. அந்தப் பயிற்சி பிசகி, சொந்த உடலையே எதிரியாகக் கருதித் தாக்கும் நிலையைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். மருத்துவமனையில் ‘ஆட்டோ இம்யூன்’ என்பார்கள்.

இந்தத் தாக்குதலில் சிறுநீரகம் எளிதில் சிக்கிக்கொள்கிறது. உடலின் ரத்தம் முழுவதும் நாள்தோறும் பலமுறை அதன் நுண்வடிகட்டிகள் வழியே போய்வருவதால், ரத்தத்தில் மிதக்கும் தவறான புரதக் கட்டிகள் அங்கே படிந்துவிடுகின்றன. படிந்த இடத்தில் அழற்சி தொடங்குகிறது.

சர்க்கரை இழந்த புரதம்

நம் உடல் நாள்தோறும் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் மற்ற எல்லா வகைகளையும் கூட்டினாலும் ஐஜிஏ என்ற ஒரு வகையின் அளவை எட்டாது. குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றின் உள்பரப்பைக் காப்பது அதன் வேலை. ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தப் புரதத்தின் ஒரு பகுதி, தன் மீது இருக்கவேண்டிய காலக்டோஸ் என்ற சர்க்கரை இல்லாமல் சுற்றுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி, அதற்கு எதிராக இன்னொரு எதிர்ப்புப் புரதத்தை உருவாக்குகிறது. இரண்டும் பிணைந்து கட்டியாகிச் சிறுநீரக வடிகட்டியில் படிகின்றன.

அந்தச் சர்க்கரை ஏன் குறைகிறது? மரபுக்கு இதில் பங்குண்டு. 2014-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்றில், இந்நோயோடு தொடர்புள்ள மரபணுப் பகுதிகள் பலவும் குடலின் நோயெதிர்ப்போடும் குடல் அழற்சி நோய்களோடும் தொடர்புள்ளவையாக இருந்தன. 2024-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி போனார்கள். குடலின் சளிப்படலத்தைத் தின்று வாழும் ‘அக்கர்மான்சியா மியூசினிஃபிலா’ என்ற பாக்டீரியா, ஐஜிஏ புரதத்தின் சர்க்கரைகளையும் வெட்டியெடுக்க வல்லது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உடல் எடைக்கும் சர்க்கரை நோய்க்கும் நல்லது என்று பெயர் பெற்று, வெளிநாடுகளில் மாத்திரையாகவே விற்கப்படுவது இதே அக்கர்மான்சியாதான். ஒருவருக்கு நன்மை செய்வது இன்னொருவரின் சிறுநீரகத்துக்குக் கேடாக முடியலாம். பாக்டீரியாக்களை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்துப் பட்டியல் போடும் விளம்பரங்களை நான் அஞ்சுவது இதனால்தான்.

லூபஸ் நோயாளிகளிடம் கண்டது

லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் கணிசமானவர்களுக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கிரெக் சில்வர்மேன் குழுவினர் லூபஸ் உள்ள 61 பெண்களின் மலத்தை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘ரூமினோகாக்கஸ் நேவஸ்’ என்ற பாக்டீரியா, நோயில்லாதவர்களிடம் இருப்பதைவிடச் சுமார் ஐந்து மடங்கு அவர்களிடம் இருந்தது. சிறுநீரக அழற்சி தீவிரமாக இருந்தவர்களிடம் அது இன்னும் அதிகம். யேல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிரீகல் குழுவினர் 2018-இல் வேறொரு பாக்டீரியாவைச் சுட்டினார்கள். குடல் சுவரைக் கடந்து கல்லீரல் வரை போய்ச் சேரும் ‘என்டரோகாக்கஸ் கலினாரம்’ அது. லூபஸ் வரும் இயல்புள்ள எலிகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசி போட்டபோது, சொந்த உடலைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்தன.

இவற்றோடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2016-இல் நடந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குடலில் உருவாகும் டி.எச்.17 என்ற அழற்சிச் செல்கள் ரத்தம் வழியே சிறுநீரகத்துக்கே குடிபெயர்ந்து அழற்சியைக் கூட்டுவதை அங்குள்ள ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். குடல் பாக்டீரியாக்களை மருந்தால் குறைத்தபோது அந்தச் செல்களும் குறைந்தன, சிறுநீரகச் சேதமும் தணிந்தது. எலியில் நடப்பதெல்லாம் மனிதரிடம் அப்படியே நடக்காது. ஆனாலும் குடலிலிருந்து சிறுநீரகத்துக்கு ஒரு நேர்வழி உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

குடலைக் குறிவைக்கும் மருந்து

இந்த அறிவு மருந்துச் சீட்டு வரை வந்துவிட்டது. ஐஜிஏ புரதம் உருவாகும் நிணத்திட்டுகள் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். அந்த இடத்தில் கரையும்படி வடிவமைத்த ‘புடசோனைட்’ என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 364 பேரிடம் நடந்த சோதனையில், ஒன்பது மாதம் அதை எடுத்துக்கொண்டவர்களின் சிறுநீரகச் செயல்திறன் இரண்டாண்டு முடிவில் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே சரிந்திருந்தது. சிறுநீரக நோய்க்கான மருந்து குடலில் வேலை செய்கிறது என்பது பெரிய திருப்பம்.

அதற்காகப் பழைய மருந்துகள் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவையும், லூபஸுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் இன்றும் அடித்தளம். ‘குடலைச் சரிசெய்தால் போதும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு லூபஸ் மாத்திரையை நிறுத்திவிடுவது சிறுநீரகத்தையே பறிகொடுக்கும் செயல்.

சாப்பாடும் புரோபயாடிக்கும்

நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கும்போது பியூட்டிரேட் என்ற அமிலம் உருவாகிறது. அது குடல் சுவரை உறுதியாக்குகிறது, அழற்சியை அடக்கும் செல்களைப் பெருக்குகிறது. ஆகவே பயறு, கீரை, சிறுதானியம், காய்கறி ஆகியவை பொதுவாக நல்லவைதாம். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகப் பழுதடைந்தவர்களுக்குக் கீரையிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் அளவைக் கூட்டக்கூடாது. பழைய சோறும் மோரும் நொதித்த நல்ல உணவுகள். கூடவே தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்புதான் சிக்கல்.

உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பவுடர் எதுவும் லூபஸையோ ஐஜிஏ நெஃப்ரோபதியையோ குணப்படுத்தும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு உயிருள்ள பாக்டீரியாவால் அரிதாக ரத்தத் தொற்றும் வரலாம். ‘குடல் நுண்ணுயிர் பரிசோதனை’ என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கித் தரும் அறிக்கையை வைத்துச் சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை தீர்மானிக்க முடியாது. அந்தப் பணத்தில் பல ஆண்டுகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சிறுநீர் காட்டிக்கொடுக்கும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, ஐஜிஏ நெஃப்ரோபதி நோயாளிகள் 200 பேருக்கு மேல் சேர்த்துத் தொடர்ந்து கண்காணித்தது. தெற்காசியர்களிடம் இந்நோய் வேகமாக முற்றுகிறது என்ற கவலை உண்டு. வலி இல்லாமல் வளரும் நோய் இது. காலில் வீக்கம், சிறுநீரில் கலையாத நுரை, இளவயதிலேயே உயர் ரத்த அழுத்தம், காய்ச்சலோடு நிறம் மாறிய சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும் உள்ளனவா என்றும், ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்றும் பார்த்துவிடவேண்டும். லூபஸ் உள்ளவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதும் ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கப் போகையில் சிறுநீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை இந்த நோயாளிகள் தொடவே கூடாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் வாங்கும் ஆன்டிபயாடிக்கும் அப்படியே. அது குடல் பாக்டீரியாக்களைக் கலைத்துப்போட்ட பிறகு, பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.