பாக்கெட்டுக்குள் உயிர் இருக்கிறதா?

சோயாவின் வேரில் உரத் தொழிற்சாலை நடத்தும் பாக்டீரியாக்கள் மலிவானவை, திறமையானவை. வயலுக்கு வந்து சேர்வதற்குள் செத்துப்போவதுதான் பிரச்னை.

ஆகஸ்ட் மாதம். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. ஒரு செடியை எடுத்துப் பாருங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். ஈரக் கரிசலோடு சேர்த்துத் தோண்டி, தண்ணீரில் அலசவேண்டும். வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

அந்தச் சிவப்பு, நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய சொந்தமான ஒரு புரதத்தின் நிறம். முடிச்சுக்குள் குடியிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுகிறது. இந்த வேலைக்கு ஆக்ஸிஜன் ஆகாது. ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்ஸிஜன் வேண்டும். அதை அளந்து கொடுப்பது அந்தச் சிவப்புப் புரதம். இதே காரியத்தைச் செய்ய உர ஆலைக்கு 400 டிகிரியை ஒட்டிய வெப்பமும், வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. பாக்டீரியா கேட்கும் கூலியோ, செடி தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு.

ஒரு டன் சோயா விளைய ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜன் வேண்டும். அதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இந்தப் பயிரின் பலம்.

கூட்டாளி சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான். 1960களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் மூலமாக அமெரிக்க சோயா ரகங்கள் வந்தபோது விதை வந்தது. கூட்டாளி மண்ணில் இல்லை. நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் உதவும் பாக்டீரியாக்கள் இந்திய மண்ணில் தாராளம். ஆனால் உறவு பார்ப்பதில் இவை படு கறார். புது விருந்தாளியை அவை சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே சோயாவுக்கென்று தனி பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து, கரிப் பொடியில் கலந்து, விதையில் பூசி விதைக்கவேண்டி வந்தது. விவசாயிகளின் பேச்சில் அது ‘கல்ச்சர்’.

வித்தை புதிதல்ல. நெல் வயலின் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜனைச் சேர்க்கிறது என்று பி.கே. டே காட்டியது 1939ல். உயிர் உரங்களுக்கென்று மத்திய அரசு காசியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனித் திட்டம் தொடங்கியது 1983ல். பிறகும் ஏன் யூரியா மூட்டைதான் ராஜா?

ஒரு காரணம் விலை. 45 கிலோ யூரியா மூட்டைக்கு 2018ல் அரசு நிர்ணயித்த விலை, வரிகள் நீங்கலாக, 242 ரூபாய். மானியம் அப்படி. போட்ட ஒரு வாரத்தில் இலை கருகருவென்று பச்சை கட்டுகிறது. முடிச்சு வேலை தொடங்கவோ மூன்று நான்கு வாரம் ஆகும். இதில் வேடிக்கை, யூரியாவை அள்ளிப் போட்டால் செடி சோம்பேறியாகிவிடுகிறது. கையில் சோறு இருக்கும்போது பாக்டீரியாவுக்குக் கூலி கொடுப்பானேன் என்று முடிச்சுகளைக் குறைத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம்தான் சங்கடமானது. விற்கப்படுவது உயிருள்ள பொருள். ஒரு கிராம் பொடியில் குறைந்தது 5 கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கவேண்டும் என்பது விதி. 2006ல்தான் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. ஆனால் மால்வாவில் விதைப்பு, ஜூன் கடைசியில் மழை விழுந்த பிறகு. பாக்கெட்டுகள் மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, 40 டிகிரியில் காத்திருந்தால்? செத்த பொடியும் கறுப்பு, உயிருள்ள பொடியும் கறுப்பு. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. மெதுவாக வளரும் இந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து எண்ணி முடிக்கவே ஒரு வாரத்தை ஒட்டி ஆகிவிடும். அதற்குள் விதை மண்ணுக்குள் போயிருக்கும். மில்லி லிட்டருக்கு 10 கோடி என்ற கணக்கில் வரும் திரவ வடிவம் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. ஆனால் அதற்கும் நிழல் வேண்டும்.

பழியை முழுக்கக் கடைக்காரர்மேல் போடவும் முடியாது. பூஞ்சாணக் கொல்லியையும் கல்ச்சரையும் ஒரே வாளியில் கலப்பதும், பூசிய விதையை வெயிலில் காயவைப்பதும் பாக்டீரியாவுக்கு வைக்கும் கொள்ளிதான். மருந்தை முன்னதாகப் பூசி உலரவிட்டு, விதைக்கப் போகும் வேளையில் வெல்லக் கரைசலில் கல்ச்சரைக் குழைத்து, நிழலில் பூசவேண்டும்.

விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளாக சோயா போட்ட நிலத்தில் அந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியேறியிருக்கும். புதிதாக வருபவற்றை அவை எளிதில் இடம்பிடிக்க விடுவதில்லை. முதல்முறை சோயா காணும் மண்ணில் கிடைக்கும் பலனை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வாங்கும்போது எந்தப் பயிருக்கானது, காலாவதி எப்போது என்று பார்க்கலாம். மீதிக்கு மண்வெட்டிதான் சாட்சி. கல்ச்சர் பூசாமல் நாலு சால் விட்டுவைத்து, நாற்பதாம் நாள் இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துச் செடிகளைத் தோண்டி, சிவப்பு முடிச்சுகளை எண்ணிப் பார்த்தால் போதும். அடுத்த ஆண்டு எந்தக் கடையில் வாங்குவது, அல்லது வாங்கவே வேண்டுமா என்பது அந்த வரப்பிலேயே தெரிந்துவிடும்.